தங்கச் சிங்கமும் ஒட்டுப்போட்ட கால்சட்டையும்

பாரசீகத்து அருங்காட்சியகம் ஒன்றில், ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர், பழங்கால ராஜாவின் அங்கியில் தைத்திருந்த தங்கச் சிங்கம். கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். இன்னொருவர், உப்புச் சுரங்கத் தொழிலாளி போட்டிருந்த கம்பளிக் கால்சட்டை.

"தள்ளிப் படுய்யா, உப்பு கொட்டுது. நான் யார் மார்புல இருந்தவன் தெரியுமா? எங்க அங்கியைப் பன்னீர்ல அலசி, வாசனைப் பெட்டியில வைப்பாங்க" என்றது சிங்கம்.

"என்னைத் துவைச்சதே இல்லைங்க. சுரங்கம் இடிஞ்சப்போ என்னைப் போட்டிருந்தவரோடயே உள்ளே மாட்டிக்கிட்டேன். உப்புல ஊறினதால பூச்சிகூட கிட்ட வரலை. ஆமா, உங்க அங்கி எங்கே?" என்றது கால்சட்டை.

சிங்கம் காதில் விழாததுபோல் இருந்துவிட்டது.

அப்போது ஆய்வாளர் மஹின் பூதக்கண்ணாடியோடு வந்தாள். சிங்கம் இருக்கிற பளபளப்பையெல்லாம் காட்டியது. அவளோ கால்சட்டையின் முழங்காலில் இருந்த ஒட்டுமேல் குனிந்தவள் அரைமணி நேரம் நிமிரவில்லை.

"பழுப்புத் துணிக்குச் சிவப்பு நூலா! கோணல்மாணலா இருந்தாலும் இன்னும் பிரியலையே" என்று தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள்.

"என்னைப் போட்டிருந்தவரோட வீட்டம்மா தைச்சது. அவர் வேலைக்குக் கிளம்பி நிக்கிறார், போட்டிருக்கும்போதே தைச்சாங்க. ரெண்டு தடவை முட்டியில ஊசி ஏறிடுச்சு" என்றது கால்சட்டை.

சிங்கம் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டது. அங்கி எப்போதோ மக்கிப்போயிருந்தது. அதன் நான்கு மூலையிலும் தையல் ஓட்டைகள் வெறுமனே இருந்தன.

பிறகு மெல்லக் கேட்டது: "அண்ணே, மிச்ச நூல் ஏதாச்சும் இருக்குமா?"