வரட்டும்... வரட்டும்...

“வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... அட, லெஃப்ட்டுன்னேன்டா! நிறுத்து, நிறுத்து!”

காருக்குப் பின்னால் கோத்திருந்த வீட்டு வண்டியின், அந்தக் கேரவனின் முதுகில் மெர்வ் தாத்தா பொத்தென்று அடித்தார். தண்ணீர்க் குழாயில் இடிக்க இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

காரின் பின்சீட்டில் டேகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பதினாலு வயசுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன வேண்டும்?

கேரவன் முகாம்களில் இது ஒரு வழக்கம். புதிதாக வந்த யாராவது பின்னால் எடுத்து நிறுத்தத் தொடங்கினால் போதும், இருக்கிறவர்கள் எல்லாம் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பீரும் கையுமாக வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பயணத்தில் தங்கிய ஒவ்வொரு ஊரிலும் டேகன் வீட்டுக் கூத்துதான் அன்றைய சினிமா. ஸ்ட்ரீக்கி பே என்ற இந்தக் கடற்கரை ஊரில் இன்றைக்குக் கடைசிக் காட்சி. நாளைக்கு அடிலெய்டு, வீடு.

“என்ன தம்பி, இருட்டறதுக்குள்ள நிறுத்திடுவியா? இல்ல, நான் போய்ப் படுக்கட்டுமா?” என்றார் ஒரு தொப்பைக்காரர். கூட்டம் சிரித்தது.

“அப்பா, மானம் போகுதுப்பா. தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியலையே. அம்மாவை இறங்கி வழி சொல்லச் சொல்லுங்களேன்.”

“சும்மா இரு டேகன். தாத்தா பார்த்துப்பார்” என்றான் டேமியன், ஸ்டியரிங்கை மறுபடி தப்பாகத் திருப்பியபடி.

முன்சீட்டில் இருந்த அம்மா நரெல் கடலைப் பார்த்தாள்.

முன்னால் போய், பின்னால் வந்து, ஒருவழியாகக் கேரவன் நின்றது. தாத்தாவுக்கு முகமெல்லாம் பல்.

“பார்த்தியா டேகன்? நான் இல்லேன்னா உங்கப்பன் குழாயைப் பேத்து ஊருக்கே தண்ணி விட்டிருப்பான்!”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நரெலின் கையைப் பிடித்தபடி குளிக்கக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் டேகன் வெடித்தாள்.

“கோணல்மாணலா வழி சொல்லிட்டுப் பெருமை வேற! நாளைக்கு வண்டியை எடுக்கறப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிடப் போறேன். ‘தாத்தா, உங்களுக்குக் கண்ணு தெரியலை, ஒதுங்குங்க’ன்னு.”

டேமியன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இடத்துக்கு ஒரு பெரிய கேரவன் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் சின்னப் பெண். பின்சீட்டில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மரத்துக்கு நடுவே நுழைக்கத் தெரியாமல் அழுகிற நிலையில் இருந்தாள்.

“நகரும்மா, நான் எடுக்கறேன்” என்று தொப்பைக்காரர் ஏறினார். கொஞ்ச நேரத்தில் காரும் கேரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி நின்றன.

டேமியன் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு விடுவிடுவென்று போய், தொப்பைக்காரரை இறக்கிவிட்டு ஏறினான்.

ஒரே தடவைதான். இரண்டு மரத்துக்கும் நடுவே, அளவெடுத்து வைத்த மாதிரி கேரவன் வந்து நின்றது.

டேமியன் இறங்கி, கூட்டத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “எங்கப்பாகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.”

டேகன் ஓடி வந்தாள். “அப்பா! உங்களுக்கு இவ்வளவு நல்லா வருமா? அப்புறம் எதுக்கு அந்தக் கூத்து?”

“தாத்தா ஆயுசு பூரா மூணு டிரெய்லர் கோத்த லாரியை வடகோடி டார்வின் நகரம் வரைக்கும் ஓட்டின மனுஷன்மா. கண்ணு போச்சுன்னு லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. ஊருக்குப் போனதும் இந்தக் கேரவனையும் விக்கப் போறோம். அதுவரைக்குமாவது, தான் இல்லாம வண்டி நகராதுன்னு அவர் நினைச்சுக்கட்டுமே.”

சொல்ல இருந்த வார்த்தையை நினைத்து டேகனுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம், அப்பா சுட்ட சாசேஜை வெங்காயத்தோடு ரொட்டியில் மடித்து, தாத்தாவிடம் கொண்டு போனாள். அவர் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

“தாத்தா, நாளைக்கு வண்டியை எடுக்கறப்பவும் நீங்கதான் வழி சொல்லணும். நீங்க இல்லேன்னா அப்பாவால முடியவே முடியாது.”

வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தாத்தா கீழே இறக்கினார்.

“அட, நீயுமா?”

“என்ன தாத்தா?”

“குளிக்கப் போனவன் காதையுமா கழட்டி வெச்சுட்டுப் போனேன்? ஒரு பெரிய வண்டி உறுமாம, திணறாம ஒரே மூச்சுல பின்னால வந்துச்சு. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? பழக்கிவிட்டவனே நான்தானே.”

“அப்போ, தெரிஞ்சேதான் இத்தனை நாளும் கத்தினீங்களா? எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்களே!”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எனக்குக் கேரவனே வெள்ளையா ஏதோ அசையற மாதிரிதான் தெரியுது, இதுல குழாயை எங்க பார்க்கறது? உங்கப்பன் பிரேக்கை மிதிக்கற சத்தம் கேட்டாதான் நிறுத்துன்னு கத்தறேன்.”

அடுப்புப் பக்கம் டேமியனின் குரல் கேட்ட திசைக்குத் தாத்தா முகத்தைத் திருப்பினார்.

“லைசென்ஸ் போன அன்னிக்கு என்னைவிட அவன்தான் அதிகமா அழுதான். அப்பனுக்கு ஏதோ செய்யறோம்னு இப்பதான் கொஞ்சம் மனசு ஆறியிருக்கான். அதைப் போய் நான் கெடுப்பேனா?”

ரொட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு, அவள் காதோரம் குனிந்தார்.

“நாளைக்கு இன்னும் பலமாக் கத்தப் போறேன். நீ சிரிச்சு என்னைக் காட்டிக் கொடுத்துடாதே.”