மான் ரத்தம்

“ஸ்ப்ரே பெயின்டா? துப்பாக்கிக்கா? நல்லா இருக்கே அண்ணே!”

மனுகா நகரில் துப்பாக்கிகளுக்குப் பூச்சு போட்டுத் தரும் பட்டறை அது. அங்கே வேலை பார்க்கும் நிதின், குலசிங்கத்தின் வேட்டைத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குலசிங்கம் விடுவதாயில்லை.

“ஏன் தம்பி, கடையில ஒரு டின் வாங்கி கராஜிலயே அடிச்சா அலுவல் முடிஞ்சுதுதானே?”

“குழாய் சூடானா உரிஞ்சிடும். துடைக்கிற எண்ணெய் பட்டாலே கரையும். அதுவும் அடியில துரு இருக்கே, கொஞ்ச நாள்ல அதே வடிவத்துல மேல வந்து நிக்கும்.”

“அதே வடிவத்திலயோ?” குலசிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை தன் வேலையிடத்து மேனேஜரோடு மான் வேட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் குலசிங்கம் அளந்துவிட்ட வேட்டைக் கதைகளை நம்பி அந்த வெள்ளைக்கார மனுஷன் கூப்பிட்டிருந்தார். இந்தத் துரு அவர் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும்.

“நாங்க பழசைச் சுரண்டி எடுத்துட்டு, புதுப் பூச்சு அடிச்சு, ஓவன்ல வச்சுச் சுடுவோம். லேசுல அசையாது. ஆனா ரெண்டு வாரம் ஆகும்.”

“ஐயோ, வெள்ளிக்கிழமையே வேணும் தம்பி!”

“பார்க்கலாம். துரு எப்படிப் பிடிச்சுது?”

“கறளோ?” குலசிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். “போன வருசம் ஒரு பெரிய மான். ரத்தம் தெறிச்சுப் போச்சு. துடைக்க மறந்திட்டன்.”

“பெரிய ஆளுதான் நீங்க! சரி, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க.”

அப்பாடா, தப்பியாயிற்று. வாசல்வரை போனவரை நிதின் கூப்பிட்டான்.

“ஒரு சந்தேகம் அண்ணே. மான் ரத்தம் வரிசையா மூணு கோடு போட்டு, நடுவுல வட்டமா ஒரு பொட்டும் வைக்குமா?”

குலசிங்கம் வாசலிலிருந்து திரும்பி வந்தார்.

“ஆயுத பூசைக்குக் குழைச்சுப் பூசின திருநீறும் சந்தனமும் தம்பி. அப்பிடியே பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டன். உண்மையில இதால இன்னும் ஒரு வெடியும் வைக்கேல்ல.”

நிதின் சிரிக்கவில்லை. திறந்து கிடந்த ஓவன் கதவை மெல்லச் சாத்தினான். புத்தம்புது இரும்புக் கதவில் அதே மூன்று கோடுகள், நடுவில் அதே பொட்டு, எல்லாம் துருவேறியிருந்தன.

“முதலாளி கேட்டப்ப நானும் மான் ரத்தம்னுதான் சொன்னேன் அண்ணே!”