பாபாவின் பழைய பேச்சு

மீர் அல்லாபச்சாயோ உயிரோடு இருந்தபோது தாவிய கட்சிகள் ஆறா ஏழா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. செத்த பிறகு தாவியவை இரண்டு, அது நிச்சயம்.

சிந்துவில் கட்சி தாவுகிறவனை லோட்டா, அதாவது சொம்பு, என்பார்கள். அவன் வாசலில் சொம்பைக் கட்டிவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுக் கதவில் இப்போதும் சொம்புகள் ஆடின. உள்ளே ஆளுயரத் திரையில் அவர் மீசையை முறுக்கியபடி தொகுதியை ஆண்டுகொண்டிருந்தார். சட்டம் அதை ஒப்புக்கொண்டிருந்தது.

நாற்பது வருஷப் பேச்சுகளை ஒன்றுவிடாமல் தேடி, திரையில் அவரைப் பேசவைக்கும் கணினிக்கு ஊட்டியவள் மகள் மாஹ்ரூக். அவளுக்கே ஐம்பது வயதாகிவிட்டது.

"இந்தத் தடவை நான் நிற்கிறேன், பாபா."

"பொறு மகளே. அடுத்த தேர்தல்ல பார்க்கலாம்."

"இருபது வருஷமா இதைத்தான் சொல்றீங்க. அதுல ஒன்பது வருஷம் செத்துப்போயிட்டுச் சொல்றீங்க."

திரை சிரித்தது. மறுநாள் அவள் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாபா அழுதார். "மாஹ்ரூக் எதிரிக்கு விலைபோய்விட்டாள். இன்று முதல் அவள் என் வீட்டில் பிறந்தவள் இல்லை" என்றார். மைதானம் கொதித்தது.

அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். முன்பு சித்தப்பா அவரை எதிர்த்து நின்றபோது பாபா பேசியவை; பெயர் மட்டும் மாறியிருந்தது. உருக்கமாக இருக்கிறதென்று அந்தப் பேச்சை இரண்டு முறை ஊட்டியவள் அவளேதான்.

மாஹ்ரூக்குக்கு முந்நூற்றுப் பத்து வாக்குகள் விழுந்தன. இப்போது அவள் கராச்சியில், அதே சித்தப்பாவின் வீட்டு மாடியில் இருக்கிறாள். பாபா நீர்ப்பாசன அமைச்சராக இருக்கிறார்.