சிவப்பு வட்டம்

“சைல்டுக்கு ப்ளூரல் சைல்ட்ஸா? சில்ட்ரன்யா, சில்ட்ரன்!”

லிஃப்ட் ஆபரேட்டர் பாலு நீட்டிய லீவ் லெட்டரில் சிவப்பு வட்டம் போட்டார் நல்லசிவம். அந்த தி.நகர் துணிக்கடையின் மேனேஜர். பில் போட்டுக்கொண்டிருந்த தீபிகா சிரித்துவிட்டாள்.

“கொஞ்சம் அவசரம் சார்…”

“ஹெட் ஆபீசுக்குப் போற பேப்பர்ப்பா. வொய்ஃப் பக்கத்துல வெறும் எஸ் போட்டா ஆச்சா? நடுவுல அபாஸ்ட்ரஃபி எங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். திருத்தி எழுதிட்டு வா.”

மூன்றாவது முறை எழுதியும் ஒரு வட்டம் விழுந்தது. அதற்குள் லிஃப்ட் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கையெழுத்து வாங்காமல் கிளம்பினால் வேலை போய்விடும். பாலு லிஃப்டுக்குத் திரும்பினான்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அவன் வரவில்லை. “சொல்லாம கொள்ளாம லீவு!” என்று பொரிந்து தள்ளினார் நல்லசிவம்.

நான்காம் நாள் வந்து புது லெட்டர் ஒன்றை நீட்டினான். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். சில்ட்ரன் சரி. அபாஸ்ட்ரஃபி சரி. வட்டம் போட இடமே இல்லை.

“பரவாயில்லையே, கத்துக்கிட்டியே!”

“அன்னிக்கு ஆபரேஷனுக்கு இட்டுக்கினு போறப்போ என் சம்சாரம் என்னைத் தேடிச்சாம் சார். ராத்திரி நான் போறதுக்குள்ள உசுரு பூடுச்சு. இதுவாச்சும் கரீட்டா கீதா சார்?”

நல்லசிவம் முதல் தடவையாக அந்த லெட்டரைப் படித்தார்.