மேஜை தட்டுகிறவர்

இசக்கியப்பன் எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருடத்தில் சட்டசபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மேஜை தட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலைவர் வாயைத் திறக்கும் முன்பே தட்டிவிடுவார். இன்று அதே தொகுதியில் ஜெயித்த மனைவி பிரம்மசக்தியின் கன்னிப்பேச்சு. சாப்பாட்டு மேஜையை டிவி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் வணக்கம் சொன்னதற்கே தட்டினார். சாம்பார்க் கிண்ணம் துள்ளியது.

“எங்க வீட்டுக்காரர் அஞ்சு வருசம் இங்கதான் இருந்தாங்க. ஆத்துக்குப் பாலம் வேணும்னு ஒருநாள்கூட கேக்கல. நான் கேக்கேன்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அங்கே சபையிலும் ஒரு கை எழவில்லை.

“தட்டுங்கலே,” என்று டிவியை அதட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் அவரே ஆரம்பித்தார்.