மூணு பத்துக்கு வந்த போன்

"போன் பண்ணினது எங்க மாப்பிள்ளைதான். வேற யாருக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே அந்த அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரே பிள்ளை ஜெயிலில். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். போதை வழக்கு என்றால் எல்லாரும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். "இந்தப் பாவிகளுக்கெல்லாம் ஒரு வக்கீலா?" என்று ஊர் வாய் கிழியத் திட்டும். தன் வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொண்டால் அதே ஊர் அவள் வாசலில் வந்து நிற்கும். அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன சங்கதி.

ஆனால் இந்த வழக்கில் ஒரு விஷயம் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

'பிற்பகல் மூணு பத்துக்கு, பெயர் சொல்லாத ஒருவர் போனில் தகவல் தந்தார்.' போலீஸ் ஃபைலில் அவ்வளவுதான் இருந்தது. நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. பீரோவைத் திறக்கவில்லை, கட்டிலைப் புரட்டவில்லை. நேரே குளியலறைக்குப் போய், மேலே அடித்திருந்த பலகைகளில் மூணாவதைக் கழற்றி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. முக்கால் கிலோ போதைப் பொடி. பத்து வருஷம் களி தின்ன வைக்கிற அளவு.

"அந்தப் பலகையெல்லாம் அடிச்சது யாரும்மா?"

"மாப்பிள்ளைதான்! போலீஸ் வர்றதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி, தண்ணி ஒழுகுதுன்னு ஏணி போட்டு ஏறினாரு. பொட்டலத்தையும் அவரே வெச்சிருப்பாரு வக்கீலம்மா. அவருக்கும் என் பையனுக்கும் ஆகவே ஆகாது. நாளைக்குக் கூண்டுல ஏறி நானே சொல்றேன்."

வக்கீலம்மாவுக்கு உள்ளூர இனித்தது. வேறு யாரோ வைத்திருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் போதும், பையன் வெளியே வந்துவிடுவான். மாப்பிள்ளை உள்ளே போனாலும் போகலாம்.

"உங்க பொண்ணு என்ன சொல்றா?"

"ஒரு மாசமா என்கூடப் பேச்சே இல்ல. அவளுக்குப் புருஷன்தான் ஒசத்தி."

மாப்பிள்ளையையும் வக்கீலம்மா கேட்டுப் பார்த்திருந்தாள். "நான் பண்ணலீங்க. ஆனா தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன்" என்றார் மனிதர். கொழுப்பைப் பாரேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

அதைவிட வேடிக்கை, ஜெயிலில் பையன் சொன்னது.

"மச்சானை இழுக்காதீங்க மேடம். அந்தப் போனையும் நோண்டாதீங்க."

"யார் பண்ணினதுன்னு உனக்குத் தெரியுமா?"

கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டான். முதல் தடவை பார்த்தபோது நடுங்கிக்கொண்டிருந்த கை இப்போது நடுங்கவில்லை. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"எத்தனை வருஷம் குடுத்தாலும் இருந்துட்டு வரேன் மேடம். அதை மட்டும் விட்டுடுங்க."

காட்டிக்கொடுத்தவனுக்காகக் கெஞ்சுகிற ஆளை இருபது வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. நோண்டாதே என்றால் சும்மா இருக்கிற ஜென்மமா அவள்? அந்தப் போன் பேச்சின் பதிவு வேண்டும் என்று மறுநாளே மனுப் போட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த வக்கீலும் ஒரு ஆதாரத்தைக் கேட்டு வாங்க மாட்டான். இவள் வாங்கிவிட்டாள். காலையில்தான் கைக்கு வந்தது.

"கேட்டுச் சொல்லுங்க. இது உங்க மாப்பிள்ளை குரல்தானா?"

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜையோடு ஒட்டி உட்கார்ந்தாள். வக்கீலம்மா கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"போலீஸ் கன்ட்ரோல் ரூம். சொல்லுங்க."

"ஒரு தகவல் சார்..."

வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! மாப்பிள்ளையேதான்!"

"உஷ்... முழுசாக் கேளுங்கம்மா."

குரல் விலாசம் சொன்னது. குளியலறை, மூணாவது பலகை, எல்லாம் சொன்னது.

"உங்க பேரு?"

"பேரெல்லாம் வேணாம் சார். இன்னிக்கே வந்து எடுத்துடுங்க. நாளைக்குக் காலைல அது ஸ்கூல் வாசலுக்குப் போகுது. சின்னப் பசங்க சார்."

"வீட்ல யாரு இருப்பாங்க?"

"ஒரு ஆளு இருப்பான். ஓட மாட்டான். அவனையும் கூட்டிட்டுப் போயிடுங்க. விக்க மாட்டேன்னு சொன்னா அந்தக் கும்பல் அவனை உசுரோட விடாது. அவனும் இந்தப் பழக்கத்தை விட எவ்வளவோ பாத்துட்டான், முடியல."

வக்கீலம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மா முனகினாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

பதில் இல்லை. போனை வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று வக்கீலம்மா நிறுத்தப் போனாள். அதற்குள் துணியை எடுத்துவிட்டு அந்தக் குரல் பேசியது, தெள்ளத் தெளிவாக:

"கதவை மட்டும் மெதுவாத் தட்டச் சொல்லுங்க சார். எங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."