ருசி பார்க்காத பொங்கல்

உப்பு பத்தலை என்றுதான் அவர் சொல்லப் போகிறார், மிளகையாவது கூடத் தட்டிப் போட்டிருக்கலாமோ? பெருமாளுக்குக் காட்டும்வரை எதையும் வாயில் வைக்காத வேதா, வரகரிசிப் பொங்கலின் ஆவியை முகர்ந்தே ருசியைத் தேடுகிறாள். வெளியே கேம்ப் ரோட்டில் பஸ்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. கரண்டியை வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். பூஜை முடிந்து தட்டு வைத்ததும், போன வாரம் பிரஷர் ஏறி மயங்கி விழுந்த கணவர் ஸ்ரீநிவாசன் முதல் வாயிலேயே நிமிர்கிறார். “ஆஸ்பத்திரி சாப்பாடே தேவலை.” “சூப்பரா இருக்குப்பா, ஓவரா சீன் போடாதே,” என்கிறாள் மகள் விஷ்ணுப்ரியா. அவர் குரல் இறங்குகிறது. “வேதா, ஒரே ஒரு சிட்டிகை உப்பு போடேன்.” காலையில் சவரம் செய்த கன்னத்தில், போன வாரம் விழுந்தபோது பட்ட காயம் இன்னும் கன்றியிருக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். பிறகு உப்பு ஜாடியைத் தாண்டிக் கொத்சுப் பாத்திரத்தை எடுத்து அவர் தட்டில் ஊற்றுகிறாள். “இப்படியே சாப்பிடுங்கோ.”